எங்கள் ஊரின் கறுப்பின வரலாறு: கண்காட்சியா, விழாவா, நடைவழியா, பெட்டி திறக்கும் நாளா?

வரும் செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் தன்னார்வலர் குழு கூடுகிறது. மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சின்ன ஊர் இது. அருங்காட்சியகம் என்பது ஒரு பழைய ரயில் நிலையம்: இரண்டு அறைகள், ஒரு பகுதிநேர ஊழியர், வார இறுதிகளில் முறைவைத்து வந்து உட்காரும் நாங்கள் பதினோரு பேர். ஊரின் கறுப்பின மக்களுடைய வரலாற்றைக் கொண்டாட அடுத்த ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். ஒரு வேலையை உருப்படியாகச் செய்ய அது போதும். இரண்டுக்குப் போதாது.

மேசையில் நான்கு யோசனைகள் இருக்கின்றன. கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி முழுவதும் ஒரு கண்காட்சி வைக்கலாம். மேடை, இசை, சாப்பாடு என்று ஒரு நாள் விழா நடத்தலாம். ஊருக்குள் ஒரு நடைவழி வகுத்து, முக்கியமான இடங்களில் விளக்கப் பலகை நடலாம். அல்லது, வீடுகளில் கிடக்கும் படங்களையும் காகிதங்களையும் மக்களை எடுத்துவரச் சொல்லி, அங்கேயே ஸ்கேன் செய்து அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, அவற்றின் கதையைப் பதிவு செய்துகொள்ளலாம். இந்தக் கடைசி யோசனைக்கு எங்களுக்குள் ‘பெட்டி திறக்கும் நாள்’ என்று பெயர். என் வாக்கு அதற்குத்தான். ஆனால் மற்ற மூன்றும் லேசுப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஊரில் பெரிய காரியம் சாதித்திருக்கிறது. அதனால்தான் கூட்டத்துக்குப் போகும் முன் எழுதிப் பார்க்கிறேன்.

நான் இந்த ஊருக்குக் குடிவந்தவன். 1965-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் நம்மவர்கள் இங்கே பெருமளவில் வர முடிந்தது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒரே போராட்டக் காலத்தில் விளைந்தவை. வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் அலபாமாவின் செல்மா பாலத்தில் அடி வாங்கியவர்கள் எனக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் இது என் குடும்பத்தின் கதை அல்ல. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். ஆகவே எந்த யோசனை வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கதைக்கு உரியவர்களின் கை இதில் எந்த இடத்தில் படுகிறது, தொடக்கத்திலா, கடைசியில் திறப்புவிழாவுக்கு அழைக்கும்போதா?

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், என் முடிவு அதன் மேல்தான் நிற்கிறது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தனி அட்டவணை வைத்திருந்தார்கள். உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, தோல் நிறம், அவ்வளவுதான். மிகச் சில இடங்கள் தவிர, பெயர் கிடையாது. அவர்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். வம்சாவளி தேடுகிறவர்கள் இதை ‘1870 சுவர்’ என்கிறார்கள். கொள்ளுப்பாட்டி வரை போனவர்கள் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் அலமாரிகளும் அப்படித்தான் இருக்கின்றன. புகையிலைத் தோட்டக்காரர்களின் குடும்பங்கள் பரண் சுத்தம் செய்தபோது கொடுத்தவைதான் எங்களிடம் அதிகம். கணக்குப் புத்தகங்கள், நில ஆவணங்கள், உயில்கள். ஒரு சொத்துப் பட்டியலில் கட்டில், இரண்டு மாடு, ஒரு வண்டி, அடுத்த வரியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பக்கத்தில் விலை. இந்த அலமாரியை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் எதைச் செய்தாலும், அது விற்றவர்களின் கையெழுத்தில்தான் பேசும். விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் பொருள் ஒன்றுகூட எங்களிடம் இல்லாமல் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் வரை அது ஒரு குறையாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம்தான் பிப்ரவரிக் கண்காட்சி வைத்தோம். வாடகைக்குக் கிடைத்த பன்னிரண்டு தட்டிகள், அடிமைமுறைக்கும் நிறவெறிக்கும் எதிராகப் போராடியவர்களைப் பற்றி: ஹாரியட் டப்மன், ஃபிரெடரிக் டக்ளஸ், ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங். அழகாக அச்சிட்டவை. இரண்டு பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். மாதக் கடைசியில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தன் பேத்தியோடு வந்து, பன்னிரண்டையும் பொறுமையாகப் படித்துவிட்டு, கதவருகே உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டார்: “தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம் இருந்ததே, அது எங்கே?” டப்மனும் டக்ளஸும் மேரிலாந்தில் பிறந்தவர்கள்தான், ஆனால் செசபீக் விரிகுடாவுக்கு அக்கரையில். எங்கள் ஊரிலிருந்து ஒரு பெயர்கூட அந்தச் சுவரில் இல்லை.

பிப்ரவரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் குறை எங்களிடம்தான் என்று புரியும். இதைத் தொடங்கிய வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சனின் பெற்றோர் அடிமைத்தளையில் இருந்து மீண்டவர்கள். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர் அவர். 1912-ல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். 1926-ல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தைக் கறுப்பின வரலாற்று வாரமாக அறிவித்தார். லிங்கனின் பிறந்தநாளும், டக்ளஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடிய நாளும் அந்த வாரத்தில் வருகின்றன, மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்த நாட்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1976-ல், அது ஒரு மாதமாயிற்று. வுட்சன் விரும்பியது, ஆண்டு முழுவதும் படித்ததை அந்த வாரத்தில் மேடையேற்றிக் காட்ட வேண்டும் என்பது. நாங்கள் பதினோரு மாதம் ஒன்றும் படிக்காமல், பன்னிரண்டாவது மாதத்தில் தட்டி வாடகைக்கு எடுத்தோம். ஆக, பிப்ரவரிக் கண்காட்சியின் பலம் உண்மையானது: பள்ளிகள் தாமாகவே வரும், செலவு குறைவு, செய்தித்தாள் எழுதும். ஆனால் காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

விழா யோசனை எங்கள் குழுவில் பலருக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும்தான். ஜூன் 19 அன்று வரும் விடுதலை நாளான ஜூன்டீன்த் 2021-ல் தேசிய விடுமுறையான பிறகு பக்கத்து ஊர்களெல்லாம் நடத்துகின்றன. 1865 ஜூன் 19 அன்று டெக்சஸின் கால்வெஸ்டனில் ஜெனரல் கிரேஞ்சர் விடுதலை ஆணையைப் பிறப்பித்தார். லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டிலிருந்தே டெக்சஸ் கறுப்பின மக்கள் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். கொண்டாட ஓர் இடம் வேண்டுமே. 1872-ல் ஹூஸ்டனில் பாதிரியார் ஜாக் யேட்ஸ் முதலியோர் முன்னின்று 800 டாலர் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அடிமைத்தளையிலிருந்து மீண்டு ஏழே ஆண்டுகள் ஆன மக்கள் அவர்கள். அது இன்றும் விடுதலைப் பூங்கா என்ற பெயரில் இருக்கிறது. விழா என்பது வெறும் ஆட்டபாட்டம் என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பத்து ஏக்கரைச் சொல்வேன்.

ஆனால் அது டெக்சஸின் நாள். எங்களுக்கு எங்களுடைய நாள் ஒன்று இருக்கிறது, ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. லிங்கனின் பிரகடனம் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தியது. வடக்குப் பக்கமே நின்ற மேரிலாந்துக்கு அது பொருந்தவில்லை. இங்கே அடிமைமுறை ஒழிந்தது 1864 நவம்பர் 1 அன்று, மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது. அந்த அரசியலமைப்புக்கு ஆதரவாக 30,174 வாக்குகள், எதிராக 29,799. வித்தியாசம் 375. போர்முனையிலிருந்த படைவீரர்களின் வாக்கு வந்து சேர்ந்திருக்காவிட்டால் தோற்றிருக்கும். யாருடைய விடுதலையைப் பற்றி வாக்கெடுப்போ, அவர்களில் ஒருவருக்கும் அதில் வாக்கு இல்லை.

அந்த நவம்பர் 1-க்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. இழந்த ‘சொத்துக்கு’ மத்திய அரசு ஈடு தரும் என்ற நம்பிக்கையில், 1867-ல் மேரிலாந்து சட்டமன்றம் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. 1864 நவம்பர் 1 அன்று யார் யாரிடம் யார் யார் அடிமையாக இருந்தார்கள் என்று பழைய உடைமையாளர்கள் வந்து எழுதிக்கொடுத்தார்கள். ஈட்டுத் தொகை வரவே இல்லை. ஆனால் அந்தப் பட்டியல்களில் பெயர்கள் இருக்கின்றன, பல இடங்களில் குடும்பப் பெயரோடு. சில கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், பட்டியல்கள் பிழைத்து அனாபொலிஸில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1870 சுவரில் ஓர் ஓட்டை என்று நான் இதைச் சொல்வேன். நாங்கள் விழா எடுப்பதானால் அது நவம்பர் 1 அன்று, அந்தப் பெயர்களை உரக்கப் படிக்கும் விழாவாக இருக்க வேண்டும். குளிரும், உண்மைதான். சர்ச்சுக் கூடத்துக்குள் நடத்தலாம்.

விழாவின் பலவீனம் பணத்தில் இருக்கிறது. பந்தல், ஒலிபெருக்கி, காப்பீடு, நடமாடும் கழிப்பறை, போக்குவரத்துக்குக் காவலர்: எங்கள் தொகை அன்று சாயங்காலத்துக்குள் கரைந்துவிடும். மழை வந்தால் மதியத்துக்குள்ளேயே. மறுநாள் கையில் மிஞ்சுவது நல்ல நினைவு. அதுவே போதும் என்று சொல்லக்கூடிய ஊர்களும் உண்டு. கனடாவின் ஹாலிஃபாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆஃப்ரிக்வில் என்ற கறுப்பினக் குடியிருப்பு நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1960-களில் நகராட்சி அதை இடித்தது. குப்பை லாரிகளில் மக்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி அனுப்பினார்கள். 1967 நவம்பரில் ஓர் இரவில் அவர்களுடைய சர்ச்சையும் இடித்துத் தள்ளினார்கள். கடைசி வீடு 1970 ஜனவரியில் போயிற்று. ஊர் இல்லை, தெரு இல்லை. 1983 முதல் அந்த மக்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஒவ்வொரு கோடையிலும் அதே இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, சமைத்து, வழிபட்டு, ஒன்றுகூடல் நடத்துகிறார்கள். 2010-ல் நகரத்தின் மேயர் மன்னிப்புக் கேட்டார். இடித்த சர்ச்சின் மாதிரியாக மறுபடி கட்டப்பட்ட கட்டடம்தான் இன்று அருங்காட்சியகம். அங்கே கூடல் முந்தியது, கண்காட்சி பிந்தியது. கூடலை நிறுத்தியிருந்தால் மன்னிப்பும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை.

ஆக, மக்கள் சிதறிப்போன ஊரில் விழாதான் முதல் வேலை என்று நானே வாதாடுவேன். எங்கள் ஊரில் அப்படியில்லை. பழைய குடும்பங்கள் ஆறேழு இன்னும் இங்கேயே இருக்கின்றன, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அதே சர்ச்சைச் சுற்றி. வேறு ஊர்களுக்குப் போனவர்களும் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு அந்தச் சர்ச்சுக்குத் திரும்பி வருகிறார்கள். கூடல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் ஒன்றைப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்கத் தேவையில்லை.

நடைவழியைப் பற்றி. பாஸ்டனின் பீக்கன் ஹில் பகுதியில் 1.6 மைல் நீளத்துக்கு ஒரு கறுப்பின மரபு வழி இருக்கிறது. உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பின வீரர்களின் 54-ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் நினைவுச் சிற்பத்தில் தொடங்கி, 1806-ல் கட்டிய ஆப்பிரிக்கக் கூட்ட இல்லம் என்ற பழைய சர்ச்சில் முடிகிறது. எனக்கு நடைவழியில் பிடித்தது, அதற்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை, நேரமும் இல்லை. அருங்காட்சியகத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்கூட நாயைக் கூட்டிப் போகும்போது படித்துவிடுவார். பலகை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. மன்ஹாட்டனில் 1991-ல் அரசுக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது ஆப்பிரிக்க மக்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. மக்கள் போராடி வேலையை நிறுத்தினார்கள். எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்கள் 2003-ல் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. எங்கள் ஊரிலும் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று சோளக் காட்டின் ஓரத்தில் இருக்கிறது, வேலி இல்லாமல்.

அப்படியிருந்தும் இதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளச் சொல்கிறேன். காரணம், உலோகத்தில் வார்த்த எழுத்தைத் திருத்த முடியாது. எங்கள் பள்ளிக்கூடம் எந்த ஆண்டு கட்டியது, எந்த ஆண்டு மூடியது என்பதில்கூட எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. நில உரிமையாளர்களின் அனுமதி, சாலைத் துறையின் அனுமதி, நகராட்சியின் ஒப்புதல் எல்லாம் வரவேண்டும். அவை வந்து சேர்வதற்குள் சொல்லத் தெரிந்தவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வதுதான் முறை.

புதிய கட்டடம் வேண்டும் என்று ஒரு குரலும் குழுவில் உண்டு. அதற்கு அதிகம் சொல்ல மாட்டேன். சார்ல்ஸ்டனின் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், கப்பல் கப்பலாக மனிதர்களை இறக்கிய கேட்ஸ்டன் துறையின் மேலேயே நிற்கிறது, நாட்டுக்கே தேவையான இடம். மேயர் ஜோ ரைலி அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது 2000-ல். திறந்தது 2023 ஜூனில். எங்களிடம் இருபத்துமூன்று ஆண்டுகள் இல்லை. எங்களுக்குக் கதை சொல்லக்கூடியவர்களுக்கு எண்பதும் தொண்ணூறும் வயது.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

வாஷிங்டனின் அனகோஸ்தியா பகுதியில் 1967 செப்டம்பரில், மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையில், நாட்டின் பெரிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் ஓர் அக்கம்பக்கத்து அருங்காட்சியகத்தைத் திறந்தது. இயக்குநராக ஜான் கினார்டை நியமித்தார்கள். முப்பது வயதை ஒட்டிய, அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த போதகர் அவர், அருங்காட்சியகத் துறைக்கு வெளியே இருந்து வந்தவர். முதல் நாள் அங்கே இருந்தவை: 1890-களின் மளிகைக் கடை ஒன்றின் மாதிரி, விண்வெளிக் கலத்தின் மாதிரி, உயிரியல் பூங்காவிலிருந்து இரவலாக வந்த குரங்கும் கிளியும். நல்ல மனத்தோடு வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தவை அவை. பிறகு கினார்டும் அவர் குழுவும் அக்கம்பக்கத்தாரிடம் பேசப் பேச, அருங்காட்சியகத்தின் முகமே மாறியது. அந்தப் பகுதியின் பிள்ளைகளைப் படுத்தி எடுத்தது எலி. 1969-ல் எலியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள், உயிருள்ள எலிகளோடு. அது எப்படிப் பெருகுகிறது, குப்பை அள்ளாத தெருவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று. பெரிய அருங்காட்சியகங்கள் அதைப் பார்த்து அதிர்ந்தன. வீட்டில் எலியோடு தூங்கிய பிள்ளைகளுக்கு, தங்கள் வாழ்க்கை கண்ணாடிப் பெட்டிக்குள் வரத் தகுதியானது என்று அன்று தெரிந்தது. எங்கள் குழுவில் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றும் அதே நகரத்தில் நடந்தது. நகரின் நடுவே தேசிய மால் என்ற திறந்தவெளியில் 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம், லோனி பன்ச் இயக்குநராகப் பொறுப்பேற்ற 2005-ல் கட்டடமும் சேகரிப்பும் இல்லாத வெறும் பெயராக இருந்தது. 2008-ல் சிகாகோவில் ஒரு முகாம் நடத்தினார்கள். வீட்டில் இருக்கும் பழைய பொருளை எடுத்துவாருங்கள், எப்படிப் பாதுகாப்பது என்று எங்கள் நிபுணர்கள் சொல்லித்தருவார்கள், பொருளை நீங்களே கொண்டுபோகலாம் என்று அழைத்தார்கள். தா என்று முதலில் கேட்கவில்லை. ரயில் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினப் பணியாளர் ஒருவரின் வெள்ளைத் தொப்பி அங்கேதான் வெளிவந்தது. பல நகரங்களில் இப்படி நடத்தினார்கள். மக்கள் முதலில் காட்டினார்கள், பிறகு கொடுத்தார்கள். பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் பைபிளின் நடுவிலும் ஒரு நாட்டின் சேகரிப்பே காத்திருந்திருக்கிறது.

நாங்களும் போன வருடம் ஒரு சனிக்கிழமை முயன்று பார்த்தோம். சொந்தத் தவற்றைச் சொல்கிறேன், வேறு யாராவது தப்பிக்கட்டும். ரயில் நிலையத்தில் மேசை போட்டு, ஸ்கேனர் வைத்து, ஊரெங்கும் அறிவிப்பு ஒட்டினோம். மூன்று பேர் வந்தார்கள். அந்த அம்மாவின் பேத்தி பிறகு சொன்னாள்: பாட்டியின் காலத்தில் அந்த நிலையத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிக் காத்திருப்பறை, பின்பக்கக் கதவு. நாங்கள் மேசை போட்டது முன்னறையில். எங்களுக்கு அது அழகான செங்கல் கட்டடம். அவர்களுக்கு அது அந்தப் பின்கதவு. இதைக் கேட்காமல் நாங்கள் ஒரு கண்காட்சியும் வைத்திருக்கக் கூடாது.

அதன்பின் போதகரிடம் போய், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் உணவுக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். சர்ச்சுப் பெண்கள் சமைத்தார்கள், நாங்கள் அதற்குப் பணம் கொடுத்தோம். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். வந்த பொருட்களில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது இறுதிச் சடங்குச் சிற்றேடுகள். நம் ஊர்க் கருமாதிப் பத்திரிகையில் பேரன் பேத்தி வரை பெயர் போடுவோமே, அதைப் போல, ஆனால் இன்னும் விரிவாக: எங்கே பிறந்தார், யாருக்குப் பிறந்தார், எந்தச் சர்ச்சில் ஞானஸ்நானம், எங்கே வேலை, யார் முந்திப் போனார்கள், யார் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவர் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். ஊரின் வம்சாவளியே அதில் இருந்தது.

செய்முறையில் நாங்கள் கற்றவை சில. ஒவ்வொரு படத்தையும் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும், பின்பக்கத்தையும் சேர்த்து. பெயர்கள் பின்பக்கத்தில்தான் இருக்கும். எழுபதுகளின் ஒட்டும் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்கவே கூடாது, பக்கத்தை அப்படியே படம் எடுக்க வேண்டும். ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். அதில், உரிமை குடும்பத்துக்கே, எப்போது வேண்டுமானாலும் எங்கள் பிரதியை நீக்கச் சொல்லலாம் என்பதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். கேள்வி கேட்பவர் குடும்பத்தைத் தெரிந்தவராக இருந்தால் பேச்சு தானாக வரும். நான் கேட்டபோது மரியாதையான இரண்டு வாக்கியம் வந்தது, பேத்தி கேட்டபோது ஒரு மணி நேரம் ஓடியது.

இதன் பலவீனத்தையும் மறைக்க மாட்டேன். நன்கொடையாளருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, ரிப்பன் வெட்ட முடியாது. பேச்சை எழுத்தாக்குவது முதுகை ஒடிக்கும் வேலை. கோப்புகளுக்குச் சரியாகப் பெயரிட்டு, மூன்று இடத்தில் பிரதி வைக்காவிட்டால் ஐந்து வருடத்தில் எல்லாம் கணினி வட்டுக்குள் கிடந்து மக்கும். எல்லாவற்றையும் விட, வாங்கிக்கொண்டு போய் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அந்த நம்பிக்கை இன்னொரு முறை கிடைக்காது. அதனால் பெட்டி திறந்த அதே ஆண்டுக்குள் சிறிதாகவேனும் ஒன்றைத் திருப்பிக் காட்டியாக வேண்டும். நவம்பர் 1 அன்று அதே உணவுக்கூடத்தில், இருபது படங்களோடு ஒரு மாலை. அந்த இருபதும் பிப்ரவரியில் பள்ளிகளுக்குப் போகலாம். அப்போதுதான் வுட்சன் சொன்ன பொருளில் அது பிப்ரவரியாக இருக்கும்.

வேறு ஊரில் நான் வேறு மாதிரி வாக்களிப்பேன். ஒரு வீடோ இடுகாடோ இடிபடப் போகிறது என்றால் பெட்டி காத்திருக்கட்டும். புரூக்ளினில் 1838-ல் வேரூன்றிய வீக்ஸ்வில் என்ற சுதந்திரக் கறுப்பின மக்களின் குடியிருப்பு மறந்தே போயிருந்தது. 1968-ல் ஒரு வரலாற்று ஆசிரியரும் ஒரு விமானியும் மேலே பறந்து தேடி, ஒரு சந்துக்குள் மிஞ்சியிருந்த பழைய மர வீடுகளைக் கண்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் மண்ணைத் தோண்டினார்கள், ஜோன் மேனார்ட் என்ற பெண்மணி பல ஆண்டுகள் அந்த வீடுகளுக்காகவே உழைத்தார். 1970-ல் அவை நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. அன்று யாராவது ‘முதலில் நேர்காணல்’ என்று சொல்லியிருந்தால் இன்று வீடுகள் இல்லை. அதே வீக்ஸ்வில் 2019-ல் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்து பொதுமக்களிடம் கையேந்தியது, பிறகு நகரத்தின் நிரந்தர உதவி கிடைத்தது. கட்டடக் கனவு காணும் எங்கள் நண்பருக்கு இதையும் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊரில் இப்போது இடிபடும் ஆபத்தில் எதுவும் இல்லை, பள்ளிக்கூடம் எப்போதோ போய்விட்டது. அது ஒரு ரோசன்வால்ட் பள்ளி. 1912-க்கும் 1932-க்கும் இடையில், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனும் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டும் தொடங்கிய திட்டத்தில், தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்கு ரோசன்வால்ட் நிதி கொடுத்ததைவிடக் கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து போட்டது அதிகம்: கோழி விற்று, பருத்தி விற்று, மரம் வெட்டிக் கொடுத்து. இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, தன் தாத்தா மரம் வெட்டிக் கொடுத்ததாகச் சொன்னார், வீட்டில் படம் இருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் வைக்கப்போகும் கணக்கில் முதல் வரி உணவு: இரண்டு ஞாயிறுகளுக்கு, சர்ச்சுப் பெண்களுக்கு முழுக் கூலியோடு. இரண்டாவது, நேர்காணல் எடுக்கும் இளையவர்களுக்குச் சம்பளம். அந்தப் பேத்தி சம்மதித்திருக்கிறாள். மூன்றாவது, எழுத்தாக்கம். ஸ்கேனரை நூலகம் இரவல் தருகிறது. தட்டிகளுக்கு இந்த ஆண்டு ஒன்றும் ஒதுக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடப் படத்தை அம்மா போன வாரம் சர்ச்சில் காட்டினார். மூன்று வரிசையில் முப்பத்தொரு பிள்ளைகள், பின்னால் பென்சிலில் பெயர்கள். இரண்டாவது வரிசையில் நான்கு பேருக்குப் பெயர் அழிந்திருக்கிறது. அவர்களில் இருவரைத் தனக்குத் தெரியும் என்கிறார், மற்ற இருவரை அறிந்த ஒரே ஆள் பால்டிமோரில் இருக்கும் அவருடைய அக்கா, வயது தொண்ணூற்று நான்கு. ஆகஸ்டில் எல்லோரும் ஊர் திரும்பும் ஞாயிறுக்கு அவரை அழைத்துவர இப்போதே கார் பேசியிருக்கிறோம்.